வரைபடத்தில் தற்செயலாக விழும் ஒரு புள்ளியைத் தேடி, நாயோடு காட்டுக்குள் போவது எப்படி?

இதற்கு ஜியோஹாஷிங் என்று பெயர். 2008இல் ஓர் இணையச் சித்திரக்கதையில் பிறந்த யோசனை. தேதியையும் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீட்டின் தொடக்க மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு தசம எண்கள் வரும். அவற்றை உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையின் முழுப் பாகைகளோடு சேர்த்தால் அன்றைய புள்ளி கிடைத்துவிடும். அது ஏரிக்கு நடுவிலும் விழலாம், தனியார் நிலத்திலும் விழலாம். அப்படியானால் அன்று விட்டுவிடுங்கள். காட்டில் விழுந்தால், நுழைய அனுமதி உண்டா, நாய்க்கும் உண்டா என்று முதலில் பாருங்கள்.

நேர்கோட்டில் 800 மீட்டர் என்று போன் காட்டும். அதை நம்பிப் புதருக்குள் இறங்காதீர்கள். பாதையிலேயே போய், புள்ளிக்கு மிக அருகே வந்தபின் விலகுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் பத்து மீட்டருக்கு மேல்கூடத் தடுமாறும். அம்புக்குறி சுற்றினால் நின்று கொஞ்சம் காத்திருங்கள்.

நாய் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை வெயில்தான். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். அதனால் விடிகாலையில் கிளம்புங்கள், அதற்கென்று தனியாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பு அடங்காமல் தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்துவிட்டு, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புள்ளி போனால் போகட்டும். நீளக் கயிறு புதரில் சிக்கும், இரண்டு மீட்டர் போதும். மானைக் கண்டால் பழகிய நாயும் ஓடிவிடும், அவிழ்க்கவே வேண்டாம்.

அப்புறம், வீடு திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.