ரோஜாவா: துப்பாக்கி ஏந்திய பெண்கள் மட்டுமா?

வடகிழக்கு சிரியாவில் குர்துகள் அமைத்துக்கொண்ட தன்னாட்சியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், ரோஜாவா தனி நாடா?

இல்லை. குர்து மொழியில் அந்தச் சொல்லுக்கு மேற்கு என்று பொருள். குர்துகளின் நிலம் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்காகக் கிடக்கிறது. இது அதன் மேற்குத் துண்டு. உள்நாட்டுப் போரின்போது, 2012 ஜூலையில், அப்போதைய சிரிய அதிபர் அசாத்தின் படைகள் அங்கிருந்து பெரும்பாலும் விலகின. 2014 ஜனவரியில் ஜசீரா, கொபானி, அஃப்ரின் என்ற மூன்று பகுதிகளும் தன்னாட்சி அறிவித்தன. பிரிந்து போகிறோம் என்று சொல்லவில்லை.

கேள்வி: அவர்களுக்கு அப்படி என்ன குறை?

1962-இல் வடகிழக்கிலுள்ள ஹசக்கா மாகாணத்தில் ஒரே நாளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1945-க்கு முன்பிருந்தே அங்கே வசித்ததற்குக் காகிதம் காட்டாத ஏறத்தாழ 1,20,000 குர்துகளின் குடியுரிமை போயிற்று. ஒரே வீட்டில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன். அந்தத் தம்பியால் நிலம் வாங்க முடியாது, பாஸ்போர்ட் எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கும் அதே கதி. 2011-இல் நாடே தெருவில் இறங்கிய பிறகுதான் குடியுரிமை தர அசாத் ஆணை போட்டார்.

கேள்வி: துப்பாக்கியோடு நிற்கும் பெண்களின் படங்கள் வெறும் விளம்பரம்தானே?

படங்கள் விளம்பரம்தான், சண்டை விளம்பரம் இல்லை. ஒய்பிஜே என்ற பெண்கள் படை 2013-இல் தனியாக அமைந்தது. 2014 செப்டம்பர் முதல் 2015 ஜனவரி வரை கொபானியை ஐஎஸ் தீவிரவாத அமைப்பு முற்றுகையிட்டபோது அவர்கள் தெருத் தெருவாக நின்று போரிட்டார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய இடம் 'மாலா ஜின்'. பெண்கள் வீடு என்று அர்த்தம். (இந்த ஜின் பூதம் இல்லை; குர்து மொழியில் பெண்.) முதல் வீடு 2011-இல் வடகிழக்கு நகரமான காமிஷ்லியில் திறந்தது. கணவன் அடிக்கிறான், அப்பா படிப்பை நிறுத்திவிட்டு அவசரமாகக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார், அண்ணன் பங்கு தர மறுக்கிறான் என்று வருகிறவரை முதலில் உட்கார வைத்துக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள் இல்லை, ஊரில் நாலு வீடு தெரிந்த நடுவயதுப் பெண்கள். அப்புறம் எதிர்த்தரப்பைக் கூப்பிடுவார்கள். பேசித் தீர்ந்தால் சரி, இல்லையென்றால் கோர்ட். நமக்குப் பழகிய பஞ்சாயத்துதான். திண்ணையில் உட்கார்ந்திருப்பது பெண்கள்.

கேள்வி: சட்டமாக ஏதாவது உண்டா?

2014 நவம்பரில் ஜசீராவில் ஓர் ஆணை வந்தது. பலதார மணத்துக்கும் 18 வயதுக்குள் திருமணத்துக்கும் தடை, சொத்தில் சம பங்கு, கோர்ட்டில் பெண்ணின் சாட்சியத்துக்குச் சம மதிப்பு. நிர்வாகப் பொறுப்புகளில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இணைத் தலைவர்கள்.

கேள்வி: பொன்னுலகம் போலச் சொல்கிறீர்களே?

அப்படியெல்லாம் இல்லை. 18 வயது நிரம்பாதவர்களைக் குர்துகள் தங்கள் படையில் சேர்த்தார்கள். நிறுத்துகிறோம் என்று 2019-இல் ஐநாவுடன் ஒப்பந்தம் போட்ட பிறகும் புகார்கள் ஓயவில்லை. இதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது. அரபு கிராமங்களில் வீடுகளை இடித்ததை 2015-இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி ஆவணப்படுத்தியது. போட்டிக் குர்துக் கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். ரக்கா போன்ற அரபுப் பகுதிகளில், இனக்குழுப் பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று பலதார மணத் தடையில் விட்டுப்பிடித்தார்கள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு ஒரு சட்டம், அந்தப் பக்கம் இருப்பவளுக்கு வேறொன்று என்றிருந்தது.

கேள்வி: அசாத் போன பிறகு?

2024 டிசம்பரில் அவர் நாட்டை விட்டு ஓடினார். 2025 மார்ச் 10 அன்று இடைக்கால அதிபர் அகமது அல்-ஷராவும் குர்துகள் தலைமையிலான படையின் தளபதி மஸ்லூம் அப்தியும், தன்னாட்சி அமைப்புகளைச் சிரிய அரசோடு இணைப்பதற்கான 8 அம்ச உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். எல்லைச் சாவடி, விமான நிலையம், எண்ணெய் வயல் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மாதக் கடைசியில் அமைந்த 23 பேர் அமைச்சரவையில் பெண் ஒரே ஒருவர்.

1953-இல் வந்த சிரியக் குடும்பச் சட்டப்படி, மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. காமிஷ்லியில் பெண்கள் வீடு சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த சொத்தை டமாஸ்கஸிலுள்ள சிரிய அரசு ஒப்புக்கொள்ளுமா? உடன்பாட்டின் 8 அம்சங்களிலும் அதற்குப் பதில் இல்லை.