கேள்வி – பதில்: தடையும் விற்பனையும்

கேள்வி: ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஓர் ஓவியர், பால்புதுமையின (பாலினம், பாலீர்ப்பு பற்றிய வழக்கமான வரையறைகளுக்குள் அடங்காத) இளையோருக்கான காமிக்ஸ் வரைந்து பெயர் பெற முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மாயா கோபேப் பெற்றிருக்கிறார், ஆனால் அந்தப் பெயர் வந்த வழி விசித்திரமானது. நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவரும், காமிக்ஸ் கலையில் முதுகலைப் பட்டம் பெற்றவருமான அவர், தம் பாலின அனுபவங்களை இன்ஸ்டாகிராமில் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களாக வெளியிட்டு, பின்னர் அவற்றை விரித்து 2019இல் 'ஜெண்டர் குயிர்' என்னும் தன்வரலாற்றைக் கொண்டுவந்தார். முதல் பதிப்பு வெறும் 5,000 பிரதிகள்தாம். வண்ணம் தீட்டியவர் உடன்பிறந்தவரான ஃபீபி.

பெரியவர்களுக்காக எழுதப்பட்டாலும் பதின்பருவத்தினரையும் ஈர்க்கும் நூல்களுக்கு வழங்கப்படும் அலெக்ஸ் விருது 2020இல் கிடைத்ததும், அந்நூல் பள்ளி நூலகங்களுக்குள் நுழைந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், நூலகங்களிலிருந்து நீக்கக் கோரி மிக அதிகமாக எதிர்ப்புக்குள்ளான நூலாக அது முதலிடம் வகித்தது. ஆபாச நூலென அறிவிக்கக் கோரி வர்ஜீனியாவில் தொடரப்பட்ட வழக்கை நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. எதிர்ப்பு விற்பனையைக் கூட்டியது உண்மையே. எனினும், நூலை வாங்கப் பணமில்லாத மாணவருக்குப் பள்ளி நூலகமே ஒரே வழி என்பதால், இதை இலவச விளம்பரம் என்று கொண்டாட எனக்கு மனமில்லை.

கோபேப் ஓய்ந்துவிடவில்லை. மார்பு தட்டையாகத் தெரிவதற்காக அதை இறுக்கிக் கட்டும் வழக்கத்தை உடல்நலம் கெடாமல் கடைப்பிடிப்பது பற்றி, ஆய்வாளர் சாரா பீட்ஸ்மையருடன் இணைந்து 2024இல் இன்னொரு சித்திர நூலை வெளியிட்டார்.