பாம் காலத்திலிருந்து ஐபேட் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

1999லிருந்து சட்டைப்பையிலோ தோள்பையிலோ ஏதாவது ஒரு கையடக்கக் கணினி இல்லாமல் நான் வெளியே போனதில்லை. வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்கள்.

சார், முதலில் வைத்திருந்தது எது?

பாம் (Palm) என்ற கையடக்கக் கணினியின் மூன்றாம் மாடல், பாம் 3. அமெரிக்காவில் இருந்த மைத்துனர் புதுசு வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினார். நினைவகம் 2 எம்பி, திரை 160க்கு 160 புள்ளி. இன்றைய போட்டோ ஒன்றுகூட அதில் அடங்காது. ஆனால் பட்டனைத் தொட்ட நொடியில் முகவரிப் புத்தகம் திறக்கும்.

பாம் திரையில் பேனாவால் எழுதும் கிராஃபிட்டி எழுத்து கஷ்டமா அண்ணே?

ரெண்டு நாளில் கை பழகிவிடும். 1993ல் வந்த ஆப்பிளின் நியூட்டன் என்ற கையடக்கக் கணினி நம் கையெழுத்தைப் படிக்கப் பார்த்து ஊர் சிரிப்புக்கு ஆளானது. பாம் அந்த வம்பே வேண்டாம் என்று, நம்மை அதன் வழிக்கு எழுத வைத்தது. அநேகமாக எல்லா எழுத்தும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு. எழுதும் கட்டத்தில் எழுத்துக்கு இடப்பக்கம், எண்ணுக்கு வலப்பக்கம். ஆங்கில 'ஏ'வுக்குக் குறுக்குக்கோடு கிடையாது, வெறும் கூரைதான். ஆறு மாதம் கழித்து வங்கியில் ஒரு படிவம் நிரப்பினேன். கவுன்டர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சார், இனிஷியல்ல என்ன இது, அம்புக்குறியா?" என்றார்.

பேட்டரி தீர்ந்தால் எல்லாமே போய்விடுமாமே?

போய்விடும். தகவல் இருந்தது ரேமில், அதாவது மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் நினைவகத்தில். இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரியை மாற்றும்போது உள்ளே ஒரு மின்தேக்கி சுமார் ஒரு நிமிஷம் தாங்கும், அதற்குள் புதுசு போட்டாக வேண்டும். ஒரு தடவை ஓடும் ரயிலில் மாற்றப்போய், பேட்டரி ஒன்று உருண்டு கீழ் பெர்த்துக்கு அடியில் போனது. தூங்கிக்கொண்டிருந்தவரின் செருப்புகளுக்கு நடுவே தடவி எடுத்துப் போட்டால், திரை புதுசாக வாங்கியதுபோல வரவேற்றது. வீட்டுக் கணினியோடு இணைத்துத் தகவலை நகலெடுக்கும் ஹாட்சிங்க் போட்டுப் பழையதை மீட்டேன். நடுவில் ஒரு வாரக் குறிப்பு போனது போனதுதான். ரயிலில் மாற்றியது என் புத்தி.

நம்ம நாட்டுக் கையடக்கக் கணினி சிம்ப்யூட்டர் பார்த்ததுண்டா?

நண்பரிடம் பார்த்தேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் முயற்சி, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. 2004ல் விற்பனைக்கு வந்த அமிடா என்ற சிம்ப்யூட்டரைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோனுக்கு 3 ஆண்டு முன்னால்! கிராமத்துக்கு என்றுதான் திட்டமிட்டார்கள், விலை கிராமத்துக்கு எட்டவில்லை.

தமிழ் எப்போது எழுத ஆரம்பித்தீர்கள்?

பாமில் எல்லாம் 'நாளை பால் கணக்கு' என்று ஆங்கில எழுத்தில்தான். 2011ல் வாங்கிய ஒரு மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் தமிழ்ப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 2013ல் ஐஓஎஸ் 7 வந்து, தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் ஐபேடிலேயே கிடைத்த அன்று என் மாமியார் அனுப்பிய முதல் செய்தி: "ரசப்பொடி தீர்ந்துவிட்டது."

அந்தப் பாம் இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. டிவி ரிமோட்டில் இருந்து பேட்டரி கடன் வாங்குவேன், வீட்டில் திட்டு விழும். அதைக் கணினியோடு இணைக்கும் தொட்டிலைச் செருக 9 பின் சீரியல் போர்ட்தான் எந்தக் கணினியிலும் இல்லை. யுஎஸ்பி மாற்றி சும்மா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.