கேமராவுக்குக் கழுத்தெலும்பு தெரியுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் 20 வருஷமாக அச்சில் கலர் ஊற்றித் தரைக்கல் போடுகிறேன். வயது 44. பின்மண்டை வலிக்கிறது, பைக்கில் போகும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்காக என் நெற்றியிலும் நெஞ்சிலும் பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிக் கேமரா வைத்து, தலையைத் திருப்பச் சொன்னார்கள். ‘வலப்பக்கம் குறைவு’ என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எலும்புத் தேய்மானமா?

பதில்: அந்தத் தாளில் தேய்மானத்தைத் தேடாதீர்கள். அந்தக் கேமராவுக்குத் தெரிவது உருண்டைகள்தான், எலும்பு அல்ல. நெஞ்சை வைத்துப் பார்த்தால் தலை எத்தனை டிகிரி திரும்பியது என்று கணக்குப் போடும். கதிர்வீச்சு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கதவு குடுமியில் சுழலும், பார்த்திருப்பீர்கள். கழுத்தின் இரண்டாவது எலும்பிலும் மேல்நோக்கி அப்படியொரு முளை உண்டு. வளையம் போன்ற முதல் எலும்பு, மண்டையைச் சுமந்தபடி அதைச் சுற்றித் திரும்புகிறது. இடம் வலம் திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஓரிடத்தில்தான். ஆனால் கேமராவுக்குக் கிடைப்பது ஏழு எலும்புகளின் கூட்டுத்தொகை. மேலே இறுகினால் கீழே உள்ளவை கொஞ்சம் ஈடுகட்டிவிடும், கணக்கு ஏமாற்றும்.

அதற்கு ஒரு வழி உண்டு. தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டு திருப்பினால் கீழ்க்கழுத்து பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். மிச்சம் அந்தக் குடுமியின் அசைவுதான். பக்கத்துக்கு 40 முதல் 45 டிகிரி வரும். உங்களைக் குனியவைத்து அளந்தார்களா? அப்படியென்றால் ‘குறைவு’ என்பதற்கு அர்த்தம் உண்டு. வலி கழுத்திலிருந்தே தலைக்கு ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். நேராக உட்காரவைத்து மட்டும் அளந்திருந்தால், எந்த இடம் இறுகியது என்று அதில் தெரியாது. இனி நீங்களே குனிந்து திருப்பிப் பார்த்து வலியை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் இந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும், அதனால் அதைத் துரத்தவும் நான் சொல்லமாட்டேன்.

தாளோடு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அச்சு வைக்கும் இடத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அபூர்வம்தான் என்றாலும்.

கை மரத்துப்போவது, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்போது எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் குடுமியைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் அதில் தளரக்கூடும்.