ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகம்: பிரபலங்கள் பட்டியலை நம்பிச் சேரலாமா?

கேள்வி: என் மகள் வேதியியலில் பி.எஸ்சி. முடிக்கப் போகிறாள். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேரச் சொல்கிறார்கள் கன்சல்டன்சியில். கதே, பாஸ்டர், ராண்ட்ஜன், ஆல்பர்ட் ஸ்வைட்சர் என்று நீளமான ஒரு பட்டியலைக் காட்டினார்கள். இத்தனை பேரும் நிஜமாகவே அங்கே இருந்தவர்களா? அதை நம்பி அனுப்பலாமா? அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு என்கிறார்களே, அதுவும் சரிதானா? (கும்பகோணத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: பட்டியலில் பொய் இல்லை. நீங்கள் சொன்ன நால்வரும் அங்கே இருந்தவர்கள்தான். ஆனால் "இருந்தார்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ வகை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் மகளுக்கு எது உதவும் என்று தெரியும்.

ஜெர்மன் கவிஞர் கதே 1770, 1771-இல் அங்கே சட்டம் படித்தார். அவர் கொடுத்த முனைவர் ஆய்வுரையை ஏற்காமல் திருப்பிவிட்டார்கள்; அதற்குக் கீழ்ப்பட்ட பட்டத்தோடுதான் ஊர் திரும்பினார். ராண்ட்ஜன் 1870-களில் அங்கே உதவியாளராகவும் பிறகு பேராசிரியராகவும் இருந்தது உண்மை. ஆனால் எக்ஸ் கதிரை அவர் கண்டுபிடித்தது 1895-இல், வூர்ட்ஸ்பூர்க் நகரில். பாஸ்டர் 1849-ஐ ஒட்டி வேதியியல் கற்பிக்க வந்து, 1854 வரை இருந்தார். அங்கேதான் மரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெண்ணின் தந்தைதான் அப்போது அங்கே ரெக்டர், அதாவது கல்வி நிர்வாகத் தலைவர். வெறிநாய்க்கடித் தடுப்பூசியெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகு, பாரிஸில் நடந்தது. பிற்பாடு ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திப் பெயர் பெற்ற ஸ்வைட்சர் அங்கே இறையியல் படித்து, முப்பது வயதில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து மருத்துவம் படித்தவர். என்னைக் கேட்டால் இந்த நால்வரில் அந்த ஊருக்கு முழு உரிமை உள்ளவர் அவர்தான். ஆனால் வேதியியல் படிக்கப் போகும் பெண்ணுக்கு இதில் எதுவும் உதவாது.

பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கும் காரணம் உண்டு. 1538-இல் தொடங்கிய ஒரு பள்ளி, 1621-இல் பல்கலைக்கழகமானது. 1871-இல் ஸ்ட்ராஸ்பூர்க் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் போனது. அடுத்த ஆண்டே ஜெர்மானியர்கள் அங்கே புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, பணத்தையும் நல்ல ஆட்களையும் கொண்டு வந்து இறக்கினார்கள். வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1874-இல் முனைவர் பட்டம் வாங்கியதும், இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் கேத்தோடு கதிர்க் குழாயை உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான். நம் வீட்டுப் பழைய டப்பா டி.வி.யின் பிக்சர் டியூபுக்கு மூலம் அந்தக் குழாய். முதல் உலகப் போருக்குப் பிறகு ஊர் மறுபடியும் பிரான்ஸ் கைக்கு வந்தது. ஆக, இரண்டு நாடுகளின் மேதைகள் ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1919 முதல் 1936 வரை அங்கே கற்பித்தார். சக பேராசிரியர் லூசியன் ஃபெவ்ரோடு சேர்ந்து 1929-இல் 'அன்னால்' என்ற வரலாற்று இதழைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்த அவரை 1944 ஜூனில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன்னுடையவர் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஆள் அவர்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். பட்டியலில் அவள் பார்க்க வேண்டிய பெயர்கள் வேறு. கீ ஊரிசோன் என்ற வேதியியலாளரிடம் முனைவர் பட்டம் செய்தவர் ழான்-மரி லென். உலோக அயனியை (மின்னூட்டம் பெற்ற அணுவை) கூண்டுபோலச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை அவர் உருவாக்கினார். 1987-இல் நோபல் கிடைத்தது. அந்த லெனிடம் முனைவர் பட்டம் செய்த மாணவர் ழான்-பியர் சொவாஜ். அவருக்கு 2016-இல் நோபல். மூன்று தலைமுறையும் ஒரே ஊரில்.

சொவாஜ் செய்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சங்கிலியில் ஒரு வளையம் இன்னொன்றுக்குள் மாட்டியிருப்பதுபோல, இரண்டு மூலக்கூறு வளையங்களைக் கோக்க வேண்டும். அவற்றுக்கிடையே வேதிப்பிணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. அதுவரை இது பெரும்பாலும் தற்செயலை நம்பித்தான் நடந்தது. கிடைத்ததும் மிகக் கொஞ்சம். 1983-இல் சொவாஜ் குழு நடுவில் ஒரு தாமிர அயனியை வைத்தது. முழு வளையம் ஒன்றும், பிறை வடிவத்தில் பாதி வளையம் ஒன்றும் வந்து அதைப் பற்றிக்கொண்டன. பிறகு பிறையை மூடி முழு வளையமாக்கி, தாமிரத்தை எடுத்துவிட்டார்கள். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல. விளைச்சல் 42 சதவீதம். மூலக்கூறுகளையே அசையும் கருவிகளாக்கும் 'மூலக்கூறு இயந்திரங்கள்' என்ற துறைக்கு இது முதல் படி. லெனிடம் கற்ற "அயனியைப் பிடித்துவைக்கும்" கலை இதில் எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள். பட்டியலில் இப்படிக் குரு–சீடர் தொடர்ச்சி தெரிந்தால் அதற்கு மதிப்பு கொடுங்கள்.

ஆனால் நோபல் வாங்கியவர் உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்க மாட்டார். அந்தப் பரம்பரையில் இன்று யார் ஆய்வகம் நடத்துகிறார்கள் என்பதைத் தேடுங்கள். பிரான்ஸில் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பல, சி.என்.ஆர்.எஸ். என்ற தேசிய ஆய்வு அமைப்போடு கூட்டாக நடப்பவை. அவற்றை 'யூ.எம்.ஆர்.' என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. மாஸ்டர்ஸ் பாடத்திட்டத்தில் எந்த யூ.எம்.ஆர். ஆட்கள் பாடம் எடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் 'தீசஸ் டாட் எஃப்.ஆர்.' (theses.fr) என்று ஓர் இணையதளம் இருக்கிறது. 1985-க்குப் பிறகு பிரான்ஸில் முடிந்த முனைவர் ஆய்வுகள் அதில் பதிவாகியிருக்கின்றன. ஒரு கைடின் பெயரைத் தட்டினால், அவரிடம் யார் யார், எந்த ஆண்டு, என்ன தலைப்பில் முடித்தார்கள் என்று வந்துவிடும். கடைசி ஐந்து ஆண்டில் நாலைந்து பேர் முடித்திருந்தால் ஆய்வகம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பொருள். எந்த விளம்பரத் தாளையும்விட நான் இதைத்தான் நம்புவேன்.

இரண்டாம் ஆண்டில் சில மாதம் இன்டர்ன்ஷிப் வரும். முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் அதுதான் வாசல். கம்பெனியோ ஆய்வகமோ, இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டால் சட்டப்படி உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். "சும்மா வேலை செய்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கட்டணத்தில் பாதி உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். பிரெஞ்சு மாணவர் மாஸ்டர்ஸுக்கு ஆண்டுக்குக் கட்டுவது சுமார் 250 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2019-இல் தனிக் கட்டணம் வந்தது. அப்போது 3,770 யூரோ. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. பல்கலைக்கழகம் நினைத்தால் சிலருக்கு விலக்கு தரலாம். அதனால் சேர்க்கைக் கடிதத்தில் எந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முனைவர் படிப்புக்கு இந்தத் தனிக் கட்டணம் இல்லை. அங்கே முனைவர் ஒப்பந்தம் கிடைத்தால் மூன்று ஆண்டு மாதச் சம்பளத்தோடு படிக்கலாம்.

இன்னொன்று. 1970-களில் இந்தப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தது. 2009 ஜனவரியில் மறுபடியும் ஒன்றானது. பழைய கட்டுரைகளிலும் சான்றிதழ்களிலும் "லூயி பாஸ்டர் பல்கலைக்கழகம்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது இதன் அறிவியல் பகுதிக்கு முன்பிருந்த பெயர்.

இந்த வாரமே மகளை உட்கார வைத்து மூன்று கைடுகளின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய பேப்பர் ஒன்றையாவது படித்துவிட்டு, பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடட்டும். மாஸ்டர்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஆய்வகத்தில் எடுப்பீர்களா, ஆங்கிலத்தில் சமாளிக்க முடியுமா, பிரெஞ்சு எந்த அளவு வேண்டும் என்று நேரடியாகக் கேட்கலாம். பதில் வந்ததும் அந்த ஆய்வகங்களின் பெயரோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.