குருமடமா, குடும்பமா? இறை அழைத்தல் பற்றிய கேள்வி பதில்

போன வாரம் இறை அழைத்தல் பற்றி, அதாவது குருவாகவோ சிஸ்டராகவோ போவது பற்றி, கேள்வி அனுப்பச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: ஒன்பது வருடம் குருமடத்தில், அதாவது கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி தரும் இடத்தில், இருந்தவன். தத்துவம் முடித்து, இறையியல் முதலாண்டில் வெளியே வந்தேன். இப்போது மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. பங்குக் கோயிலில் மறைக்கல்வி எடுக்கிறேன், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். திருச்சபைச் சட்டம் படிப்பதில் கொஞ்சம் பைத்தியம். சாமியார் இல்லை, அதனால் ஆசீர் கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: ரெண்டாவது பையன் பிறந்தப்போ பத்து நாள் இன்குபேட்டர்ல இருந்தான். பிழைச்சா உனக்கே குடுத்துடுறேன் தாயேன்னு வேளாங்கண்ணி மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். இப்ப பிளஸ் டூ முடிச்சுட்டு, குருமடம் வேண்டாம், கேட்டரிங் படிக்கிறேங்கறான். நேர்ச்சையை மீறினா குத்தமாயிடாதா அண்ணே?

இல்லை அக்கா. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1193ஆம் எண்ணைப் பங்குச்சாமியிடம் காட்டச் சொல்லுங்கள். நேர்ந்துகொண்டவரைத்தான் நேர்ச்சை கட்டும், வேறு யாரையும் கட்டாது. நேர்ந்தது நீங்கள். உங்கள் மகன் அன்றைக்கு இன்குபேட்டருக்குள் இருந்தான்.

உங்களையும் அது ஆயுசுக்கும் பிடித்துவைக்காது. இப்படித் தனியாகச் செய்த நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விடுவிக்கலாம். அதற்கு ஈடான அல்லது அதைவிட நல்ல வேறொரு காரியமாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பையனைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதற்குத்தான் இடமில்லை. வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் யாரையும் யாரும் வற்புறுத்தக் கூடாது என்று 219ஆம் எண் சொல்கிறது. துறவற சபையில் ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ நவதுறவகத்தில் (ஆரம்பப் பயிற்சியில்) சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது.

அம்மாவின் நேர்ச்சைக்காக வந்த பையன்களோடு ஒரே ஹாலில் படுத்து எழுந்தவன் நான். அவர்களில் நல்ல குருக்களாக ஆனவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் இடையில் ஒருநாள் அம்மாவின் நேர்ச்சையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கு வேணுமா?" என்று தங்களையே கேட்டுக்கொண்டவர்கள். கேட்காமலே போனவர்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம். சிஸ்டராகப் போக ஆசை. போனால் திரும்பி வர முடியாது என்று அம்மா அழுகிறார். எனக்காகச் சேர்த்த எட்டு பவுன் நகையும் சபைக்குப் போய்விடும் என்கிறார். உண்மையா?

இரண்டுமே உண்மையில்லை தங்கச்சி.

முதலில் சில மாதமோ ஒரு வருடமோ கேண்டிடேட்டாக இருப்பீர்கள். வீட்டுக்கும் மடத்துக்கும் நடுவில் ஒரு திண்ணை மாதிரி. பிறகு நொவிஷியேட், மேலே சொன்ன நவதுறவகம்தான். குறைந்தது பன்னிரண்டு மாதம், பல சபைகளில் இரண்டு வருடம். அது முடிந்துதான் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள். அதையும் ஆயுசுக்கென்று கொடுக்கச் சொல்ல மாட்டார்கள். காலவரையறையோடுதான். மூன்று வருடத்துக்குக் குறையாமல், வழக்கமாக ஆறு வருடத்துக்கு மிகாமல். நித்திய வார்த்தைப்பாடு அதற்கப்புறம். இன்றைக்கே கேட்டைத் தட்டினாலும் உங்கள் இருபதுகளின் பெரும்பகுதி ஓடிவிடும். அந்தக் கால எல்லை முடியும்போது நீங்கள் போகிறேன் எனலாம். சபையும் வேண்டாம் எனலாம். இவ்வளவு நீளமாகப் பெண் பார்க்கும் படலம் எந்தக் கல்யாணத்திலும் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நகைக்கு வருவோம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உங்கள் சொத்தின் நிர்வாகத்தை நீங்கள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடமே ஒப்படைக்கலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாலாவது, நாட்டுச் சட்டப்படியும் செல்லும் உயில் ஒன்று எழுத வேண்டும். சில சபைகளில் அதற்குமேல் முழுத் துறப்பும் உண்டு, எனவே சபையின் ஒழுங்குகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கக் கொடுக்கத் தயங்கும் சபை என்றால் நான் அடுத்த சபையைப் பார்ப்பேன்.

இன்னொன்று. நர்சிங்கை முடித்துவிட்டுப் போங்கள். பாதியில் விட்டுவிட்டு வரச் சொல்லும் அவசரம் கடவுளுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வயசு 31. சென்னையில் ஐ.டி. வேலை. சலேசிய சபையில் சேர நினைக்கிறேன். வயசு தாண்டிவிட்டதா? வீட்டுக் கடன் இன்னும் 14 வருஷம் இருக்கிறது.

வயதைவிடக் கடன்தான் பெரிய விஷயம் தம்பி. அடைக்க வழியில்லாத கடன் உள்ளவரைத் துறவற சபையில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பலருக்கு இது தெரியாமல், ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு வந்து முழிப்பார்கள். வீட்டை விற்பதா, தம்பி தங்கை யாராவது ஏற்பார்களா என்று முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். வயது வரம்பு சபைக்குச் சபை மாறும். அழைத்தல் பொறுப்பாளரிடம் கேட்டால் நேரடியாகச் சொல்லிவிடுவார். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் முப்பதைத் தாண்டிய பிறகுதான் பார்சிலோனாவில் பொடிப்பசங்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். உங்களுக்கும் அந்த வெட்கம் கொஞ்சம் காத்திருக்கிறது.

கேள்வி: மறைமாவட்டக் குருவுக்கும் சபைக் குருவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் வெள்ளை அங்கிதானே?

மறைமாவட்டக் குரு தன் மறைமாவட்டத் தலைவரான ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார், மணமாகாமல் வாழ்கிறார், அந்த மறைமாவட்டத்துப் பங்குகளில் பணி செய்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்குக் கிடையாது. அவர் பெயரில் பைக் இருக்கலாம். சபைக் குரு மூன்று வார்த்தைப்பாடும் கொடுத்தவர், குழுமத்தில் வாழ்பவர். சபை எங்கே அனுப்பினாலும் போவார். இரண்டு பேருக்கும் படிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தத்துவமும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு வருடங்கள். அதற்கு முன்னால் இளங்குருமடம், பட்டப்படிப்பு, நடுவில் களப்பணி எல்லாம் சேர்த்தால் பத்து, பன்னிரண்டு வருடம் ஆகிவிடும்.

கேள்வி: திருமுழுக்கு வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. உடனே குருமடத்தில் சேரலாமா?

பொறுங்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் போதுமான அளவு நிலைத்துநிற்பதைப் பார்த்த பிறகே குருப்பட்டம் என்பது விதி. எத்தனை வருடம் என்று சட்டம் எண் போடவில்லை, ஆயர்தான் முடிவு செய்வார். அதுவரை அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்) தவறாமல் போங்கள். நம் ஆட்கள் சண்டை போடுவதையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி: கல்யாணமானவன். திருத்தொண்டர் ஆக முடியுமா?

முடியும். திருத்தொண்டர் என்பது குருவுக்கு முந்திய படி. அந்தப் படியிலேயே நின்று பணி செய்யும் நிரந்தரத் திருத்தொண்டர் நிலையை 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மீண்டும் கொண்டுவந்தார். மணமானவர் என்றால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். ஆனால் நம் பக்கத்துப் பங்குகளில் அப்படி ஒருவரை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் ஆயரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் மனைவியிடம் கேளுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எண்டில்லாமல் செபமே வாழ்வாக இருக்கிற சபை எங்கட மண்ணில் இருக்கோ?

பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். தோலகட்டி. அமலமரித் தியாகிகள் சபையின் தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே தொடங்கிய செபமாலைதாசர் சபை. செபமும் உடலுழைப்பும்தான் அவர்கள் வாழ்வு. அவர்கள் செய்யும் நெல்லி ரசத்தை நீங்கள் குடித்திருப்பீர்கள்.

கேள்வி: துறவறமும் வேண்டாம், ஒன்றும் செய்யாமல் இருக்கவும் மனசில்லை. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒருவர் கேட்டிருக்கிறார்.

வின்சென்ட் தே பவுல் சபைக்கு வாருங்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. வாரம் ஒருமுறை கூடுவோம். செபம், போன வார அறிக்கை, அப்புறம் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்போம். ஐநூறு போட்டவர், பத்து ரூபாய் போட்டவர், வெறுங்கையை விட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பிறகு இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம்.

ஒரு பாட்டி வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொண்டுபோனோம். வாங்கி ஓரமாக வைத்தாரே தவிர முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து வரும்போதுதான் சுருக்குப்பையைத் திறந்து நாலாக மடித்த பாஸ்புக்கை நீட்டினார். முதியோர் உதவித்தொகை எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நடவு நட்டே தேய்ந்துபோன விரல், மெஷினில் ரேகை விழவில்லை. மூன்று தடவை அலைந்து கருவிழிப் பதிவில் சரிசெய்தோம். பணம் வந்த அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அந்த அரிசியிலேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அரிசிதான் அவர் தேவை என்று முடிவு கட்டியது நாங்கள்தான். உட்கார்ந்து கேட்க இரண்டு மணி நேரம் போதும்.

கேள்வி: என்ன சொன்னாலும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) ரெண்டாந்தரம்தானே?

தேவசகாயம் பிள்ளையைக் கேளுங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, மனைவியோடு வாழ்ந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர்தான். அங்கி போட்டவர் இல்லை.

பாட்டி காலத்து உபதேசியாரையும் நினைத்துப் பாருங்கள். சாமியார் எப்போதாவது வரும் கிராமங்களில் மந்திரம் சொல்லிக்கொடுத்தவர், சாவு வீட்டில் செபம் சொன்னவர், மணி அடித்தவர் எல்லாம் அந்தக் குடும்பஸ்தர்தான். மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். நம் உபதேசியார்களுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்த மரியாதை.

கேள்வி: நீங்கள் வெளியே வந்தபோது உங்கள் அம்மா என்ன சொன்னார்?

என் அம்மாவும் நேர்ந்துதான் அனுப்பினார். டிரங்குப் பெட்டியோடு நான் வாசலில் நின்றபோது ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, அங்கியை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு பீரோவில் வைத்தார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பங்குச்சாமியைப் பார்க்கப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பொங்கலுக்கு இளங்குருமடத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். சாகும்வரை வருடம் தவறாமல் அனுப்பினார். இப்போது நான் அனுப்புகிறேன். அங்கி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.