அக்னிவீர் பயிற்சிக்குப் போகும் மகனை வீட்டிலேயே கசக்கிப் பிழிய வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாக அக்னிவீராகத் தேர்வாகி, இன்னும் இரண்டு மாதத்தில் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போக வேண்டும். என் கணவரின் அண்ணன் 1980களில் ராணுவத்தில் சேர்ந்தவர். "எங்க காலத்து ட்ரெயினிங் இப்ப இல்லை, எல்லாம் சொகுசாப் போச்சு. ஆனா இவன் அதைக்கூடத் தாங்க மாட்டான்" என்று சொல்லி, தினமும் முதுகில் மணல் மூட்டையைக் கட்டிப் பத்து கிலோமீட்டர் ஓட விடுகிறார். நடுவில் தண்ணீர் தருவதில்லை. இரண்டு வாரமாக முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்கிறான். பெரியப்பாவிடம் சொல்லப் பயப்படுகிறான். பயிற்சி உண்மையிலேயே லேசாகிவிட்டதா? நாங்கள் செய்வது சரியா?
— ஒரத்தநாடு வட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: முதலில் மணல் மூட்டையை இன்றே இறக்கி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மகனை உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். கால் நெடுகப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும் அழுந்திப்போன வலிதான். சில நாள் ஓய்வில் தணியும். ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவில், தொட்டாலே துடிக்கிற மாதிரி வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த விரிசல் முதல் சில வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மறுநாளே ஓடக் கூடாது.

பயிற்சி மையத்தில் இளைஞர்களுக்கு பி.டி. (உடற்பயிற்சி) சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்கிறேன். பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. அவர் காலத்தில் உஸ்தாத் (பயிற்சியாளர்) கை நீட்டுவது, மணிக்கணக்கில் ரகடா (தண்டனையாக உடம்பை வாட்டும் பயிற்சி) கொடுப்பது, சரளைக் கல்லில் உருள விடுவது எல்லாம் பேச்சுக்கு இடமில்லாத வழக்கமாக இருந்தன. இன்று ரெக்ரூட்டை, அதாவது பயிற்சிக்கு வந்த புதியவனை, அடிப்பது குற்றம். அடித்தவர் மேல் நடவடிக்கை வரும். ரகடா முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு எல்லை வந்திருக்கிறது.

அவர் சொல்லாத பாதி இது: வேலையின் கடுமை குறையவில்லை. முதுகில் பேக், கையில் ரைஃபிளோடு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுதல் எல்லாம் இன்றும் அப்படியே நிற்கின்றன. அதற்குக் கிடைக்கும் காலம்தான் சுருங்கியிருக்கிறது. 2022 ஜூனில், நான்கு ஆண்டுப் பணிக்கு அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன்பு பிரிவைப் பொறுத்து ஒன்பது மாதம், சிலவற்றில் அதற்கு மேலும் பயிற்சி நடந்தது. இப்போது ஆறேழு மாதத்தில் முடிகிறது. நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள் என்பதால், அந்த மாதங்களில் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கணக்கில் வருகிறது. பழைய முறையில் ஒருவன் கால் வீங்கி ஒரு மாதம் படுத்தாலும் எழுந்து சேர்ந்துகொள்ள நாள் இருந்தது. இன்று ஒரு மாதம் போனால் அடுத்த பேட்சுக்குத் தள்ளப்படும் அபாயம் இருக்கிறது. காயத்தோடு வாசலில் வந்து நிற்பவனுக்கு இன்றைய பயிற்சிதான் அதிகக் கடினம்.

அடி உதைக்கும் போர்த்திறனுக்கும் சம்பந்தமில்லை என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1806 வேலூர்க் கலகத்தின்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் வில்லியம் பென்டிங்க். சிப்பாய்களின் தலைப்பாகையிலும் நெற்றிக்குறியிலும் கடுக்கனிலும் கைவைத்த உத்தரவால் கோட்டைக்குள் ரத்தம் ஓடியதைப் பார்த்தவர். அதனால் பதவியும் இழந்தவர். பின்னாளில் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்து, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்கான கசையடியை ஒழித்தார். பத்தே ஆண்டில், 1845இல், அது திரும்ப வந்தது. முழுதாக ஒழிய 1920 ஆனது. "அடிக்காவிட்டால் படை கெட்டுவிடும்" என்ற வாதம் ஒவ்வொரு முறையும் எழுந்தது. கசையடி போன பிறகும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் எங்கே எப்படிச் சண்டையிட்டது என்பதைப் பெரியப்பாவே நன்றாகச் சொல்வார்.

அமெரிக்காவில் 1956 ஏப்ரல் 8 இரவு, பாரிஸ் தீவு மரீன் பயிற்சி முகாமில், ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்சியாளர் தன் பயிற்சிக் குழுவைச் சதுப்பு ஓடைக்குள் நடத்திப் போனார். ஆறு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சியாளர்கள் மேல் கண்காணிப்பு வந்தது, விதிகள் இறுகின. ஆனால் அதே மரீன் படை 1996இல் 54 மணி நேரம் தொடரும் 'குருசிபிள்' என்ற கடைசிச் சோதனையைப் புதிதாகச் சேர்த்தது. குறைந்த சோறு, குறைந்த தூக்கம், குழுவாகச் சுமந்து நடப்பது. அவமானத்தைக் குறைத்த படைதான் சோதனையைக் கூட்டியது. கடுமை இப்படித்தான் இடம் மாறியிருக்கிறது.

இனி தண்ணீர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். தண்ணீர் தராமல் பழக்கினால் உடம்பு தண்ணீர் இல்லாமல் ஓடப் பழகும் என்று ஒரு காலத்தில் பல நாட்டுப் படைகளும் நம்பின. உடம்பு அப்படிப் பழகுவதே இல்லை. வியர்வை போகும், ரத்தம் கெட்டியாகும், உள்சூடு ஏறும், ஆள் விழுவான். ஆடி வெயிலில் ஒரத்தநாட்டுத் தார்ச்சாலையில் அது நடக்க வெகுநேரம் ஆகாது. ஓடும்போது பேச்சு குளறினாலோ தள்ளாடினாலோ அது வெயில் தாக்கம். உடனே நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. வீரர்களை அளவுக்கு மீறிக் குடிக்கவைத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துச் சிலர் இறந்ததால், அமெரிக்க ராணுவம் 1998இல் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது. தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர் போதும்.

எலும்பு ஏன் விரிகிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் புரியும். திடீரென்று சுமை கூடும்போது உடம்பு பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டுகிறது. பழைய கரையை வெட்டிப் புதுக் கரை எழுப்புகிற இடைவெளியில் ஆற்றில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? மூன்று, நான்கு வாரம் ஆகும்போது எலும்பு அந்த நிலையில்தான் இருக்கும். உங்கள் மகனுக்கு வலி வந்திருப்பது அதனால்தான் இருக்கும். அவன் பலவீனமானவன் என்பதால் அல்ல. இஸ்ரேல் ராணுவத்தில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தை உறுதிசெய்து, நடைப் பயிற்சியின் மொத்தத் தூரத்தையும் குறைத்தபோது, இந்த விரிசல்கள் பெருமளவு குறைந்தன. சேர்வதற்கு முன் இரண்டு ஆண்டுக்கு மேல் பந்து விளையாட்டு, குறிப்பாகக் கூடைப்பந்து ஆடியவர்களுக்கு விரிசல் குறைவு என்பதையும் அங்கேதான் கண்டார்கள். பெரியப்பா தலைமுறை வயலில் நடந்து, நாற்றுக் கட்டு சுமந்து, பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போய் வளர்ந்தது. அந்தக் கால்களுக்கு முன்பயிற்சி வாழ்க்கையிலேயே கிடைத்திருந்தது. பைக்கில் வளர்ந்த பையனுக்கு அதை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

சரி, இந்த இரண்டு மாதத்தில் என்ன செய்வது? மருத்துவர் அனுமதித்த பிறகு, வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் வேக ஓட்டத்தில் தேறியவன். அவனுக்கு வேகத்தைவிட நிதானமாக நெடுநேரம் ஓடுவதுதான் இப்போது தேவை. மூன்று கிலோமீட்டரில் தொடங்கி வாரந்தோறும் கொஞ்சமாகக் கூட்டினால், கிளம்புவதற்குள் ஆறேழு வரும். வாய்க்கால் கரை மண்பாதை தார்ச்சாலையைவிடக் காலுக்கு நல்லது. எடையோடு ஓடவே வேண்டாம், நடக்கட்டும். ஐந்து கிலோவில் தொடங்கினால் போதும்.

நம் டெல்டாப் பையன்கள் எல்லாரும் சறுக்குகிற ஓர் இடம் மேடு. வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேல் உள்ள மலை ஊர். அங்கே எந்த மைதானத்துக்குப் போனாலும் ஏறி இறங்க வேண்டும். தட்டையான பூமியில் ஓடிப் பழகிய கால் முதல் மாதம் திணறும். வாரம் ஒருநாள் திருவையாறு பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போய், சரிவில் ஏறி இறங்கட்டும். இறங்கும்போது மெதுவாக. ஓடாத நாட்களில் புல்-அப்ஸ், தண்டால், கயிறு.

ஒரே நாளில் ஐந்நூறு உட்கார்-எழு போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பழகாத தசை அப்படிச் சிதைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அரை நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஜிம்மில் விற்கும் பவுடர், ஊசி எதுவும் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவும் கூடாது.

சாப்பாட்டில் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தியும் பருப்பும் கொடுங்கள். அங்கே லங்கரில் (படையின் சமையற்கூடத்தில்) அதுதான் அதிகம். முட்டை, மீன், பால், கேழ்வரகு சேரட்டும். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை, காலை நாலரைக்கு எழுச்சி. போனைப் படுக்கைக்குக் கொண்டு போகாமல் இருந்தால் இது தானே நடக்கும்.

பெரியப்பாவை ஒதுக்கிவிடாதீர்கள். அவரால் மட்டும் கொடுக்க முடிகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. பயிற்சி மையத்தில் கட்டளை எல்லாம் இந்தி. "சாவதான்" (நேராக நில்), "விஷ்ராம்" (இயல்பாக நில்) என்பதோடு நிற்காது. ஸ்டோரில் பொருள் வாங்குவது, உடம்பு சரியில்லை என்று சொல்வது எல்லாமே இந்திதான். மொழி புரியாமல் திட்டு வாங்கித்தான் நம் பையன்கள் முதல் மாதம் மனம் உடைகிறார்கள், ஓட முடியாமல் அல்ல. தினம் மாலை ஒரு மணி நேரம் அவர் இந்தியில் பேசட்டும், இவன் பதில் சொல்லட்டும். பூட்ஸ் பாலிஷ், படுக்கை மடிப்பு, சீருடை இஸ்திரி, நேரத்துக்குக் குளித்துத் தயாராவது எல்லாம் அவர் மேற்பார்வையில் நடக்கட்டும். வலியை உஸ்தாதிடம் மறைக்கக் கூடாது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்களோ நானோ சொல்வதைவிட அது பையன் மனதில் பதியும்.

மருத்துவர் விரிசல் என்று உறுதி செய்தால், அதை மறைத்துக்கொண்டு ரயில் ஏற்றாதீர்கள். மருத்துவ அறிக்கையை எடுத்துக்கொண்டு திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், சேரும் தேதிக்கு முன்பே கேளுங்கள்.